செயலியை நீக்கினால் கணக்கு மூடாது!



2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அன்று முதல் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் வண்டிதான் தங்கவயல் மக்களுக்குச் சோறு போடுகிறது. ஒரு காலத்தில் அந்தப் பெட்டிகளில் பத்திரிகை படித்தார்கள், யூனியன் பேசினார்கள். இன்று எல்லார் கையிலும் போன்.

அண்மையில் நம் சங்க உறுப்பினர் ஒருவர் பதறியடித்து ஓடி வந்தார். கட்டட வேலை செய்பவர். இரண்டு ஆண்டுக்கு முன்பே, "இந்தத் தொல்லை வேண்டாம்" என்று ஒரு சமூக வலைத்தளத்தின் செயலியைப் போனிலிருந்து எடுத்துவிட்டார். கணக்கு ஒழிந்தது என்றே நம்பியிருந்தார். எவனோ ஒரு திருடன் அந்தக் கணக்குக்குள் புகுந்து, "மகளுக்கு ஆஸ்பத்திரிச் செலவு, அவசரம்" என்று சொந்தக்காரர்களிடம் பணம் கேட்டிருக்கிறான். வெளிநாட்டிலிருக்கும் மைத்துனர் ஒரு மாதச் சம்பளத்தை அனுப்பிவிட்டார்! வேலைக்குப் போகாமல் இருந்தாலும் மஸ்டரில் பெயர் இருக்கும். பெயரை அடித்தால்தான் கணக்குத் தீரும். இங்கும் அதே கதைதான்.

"ஏழைக் கூலிக்காரனின் கணக்கில் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் 2018-இல் வெடித்தபோது முகநூல் நிறுவனமே ஒரு கணக்குச் சொன்னது. இந்தியாவில் அந்தச் செயலியைப் போட்டவர்கள் 335 பேர். ஆனால் அவர்களோடு நட்பு வைத்திருந்தவர்களையும் சேர்த்து சுமார் 5.6 லட்சம் பேரின் விவரங்கள் போயிருக்கக்கூடும். ஆக, ஒருவர் திறந்து வைத்த கதவு தெருவுக்கே திறந்த கதவாகிறது.

அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினை கொதித்தபோது, கன்னட நடிகர்களை முகநூலில் கேலி செய்தார் என்று பெங்களூரில் ஓர் இளைஞரை அடித்து, அதைப் படமெடுத்துப் பரப்பினார்கள். தமிழ்நாட்டில் கர்நாடகத்தவர்கள் தாக்கப்பட்டார்கள். அந்தப் படங்களும் பரவின. செப்டம்பர் 12-ஆம் நாள் பெங்களூரில் தமிழ்நாட்டு எண் கொண்ட பஸ்களும் லாரிகளும் எரிந்தன. தமிழ்த் தொழிலாளியும் கன்னடத் தொழிலாளியும் அன்று கண்ட லாபம் என்ன?

1930-இல் கம்பெனிக்காரன் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள் என்றபோது, தங்கவயல் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். அந்தப் பாட்டன்மாரின் பேரர்களான நாம், யார் எவர் என்று கேளாமல் பெயரையும் படத்தையும் ஊரையும் உறவையும் நாமே கொண்டுபோய்க் கொடுக்கிறோம்!

கொடுத்ததைத் திரும்பப் பெறும் உரிமை நமக்கு உண்டு. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில்தான், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம் விவரங்களை அழிக்கச் சொல்லும் உரிமையை எழுத்தில் தந்தது. ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான பிரிவுகளுக்கு மேலும் பதினெட்டு மாதத் தவணை! சட்டம் நடந்து வரும்வரை நாம் உட்கார்ந்திருக்க முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். முகநூலில் தற்காலிகமாக முடக்குவது ஒன்று, நிரந்தரமாக நீக்குவது வேறொன்று. முடக்கினால் எல்லாம் உள்ளேயே கிடக்கும். அமைப்புகளில் உள்ள கணக்கு மையத்துக்குப் போய் நிரந்தர நீக்கத்தையே தேர்ந்தெடுங்கள். அதற்கு முன் படங்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கைக் கொண்டு நுழையும் வேறு செயலிகள் இருந்தால் அவற்றுக்கு மாற்று வழி செய்யுங்கள். பிறகு 30 நாள் அந்தப் பக்கமே போகாதீர்கள். இடையில் உள்ளே நுழைந்து நீக்கத்தை ரத்து செய்தால் கணக்கு பிழைத்துக்கொள்ளும். அதன்பின் முழுவதும் அழிய 90 நாள் வரை ஆகலாம். மற்றவர்களுக்கு நீங்கள் அனுப்பிய செய்திகள் அவர்களிடமே இருக்கும். சிம் மாற்றுகிறவர்கள் வாட்ஸ்அப் கணக்கையும் புது எண்ணுக்கு மாற்றுங்கள், அல்லது நீக்குங்கள். நீங்கள் விட்ட எண் 90 நாளுக்குப் பின் வேறொருவர் கைக்குப் போகலாம்.

எல்லாரும் எல்லாவற்றையும் மூடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. துபாயில் இருக்கும் மகன் முகத்தைப் பார்க்கும் தாயிடம் அப்படிச் சொல்ல நமக்கு மனம் வருமா? பயன்படுகிற கணக்குக்குக் காவல் போடுங்கள். பயன்படாத கணக்கை அடியோடு ஒழியுங்கள்.

வழி தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை போனோடு சங்க அறைக்கு வாருங்கள். நம் இளைஞர்கள் செய்து தருவார்கள். கடவுச்சொல்லை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள், எங்களிடமும்தான்!