சயாம் மரண ரயில்: கல்லறை இல்லாதவர்களுக்கும் ஒரு திருப்பலி

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். பினாங்கு வெஸ்டர்ன் ரோடு கிறிஸ்துவக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி, இறந்தவர் பெயரைச் சொல்லி மன்றாடுகிறோம். கல்லறையே இல்லாதவர்களுக்கு எங்கே போய் ஏற்றுவது?

1942, 43-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் அமைத்த சயாம்-பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து அங்கு கொண்டு செல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். காலராவிலும் பசியிலும் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் நேச நாட்டுக் கைதிகள் ஏறக்குறைய 7,000 பேர் அடக்கம். வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள். கைதிகளைவிடப் பன்மடங்கு அதிகமாக இறந்த ஆசியத் தொழிலாளர்களுக்கு முறையான பெயர்ப் பதிவேடுகூட இல்லை.

அந்தப் பாதையோர முகாமில் சாகக் கிடந்தவர் ஸ்காட்லாந்து அதிகாரி எர்னஸ்ட் கோர்டன். சக கைதிகள் புண்ணைக் கழுவிப் பணிவிடை செய்ததில் விசுவாசத்தைக் கண்டடைந்தார். பின்னர் காயம்பட்ட ஜப்பானியச் சிப்பாய்களுக்கும் அவரும் நண்பர்களும் தண்ணீர் கொடுத்தார்கள். போதகராகி, 1962-இல் அதையெல்லாம் நூலாகவும் எழுதினார்.

நம் பாட்டன்மாருக்கு எழுதும் வாய்ப்பும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்பவர்கள், இந்தக் குடும்பங்கள் யாரை இழந்தன என்று முதலில் கேட்கட்டும்.

பினாங்கு ரோடு புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம் போல் தமிழர் கூடும் பங்குகளில், நவம்பர் திருப்பலிக் கருத்தாக அவர்கள் பெயரைக் கொடுக்கலாம். மாரியம்மனைக் கும்பிட்ட தாத்தாவாக இருந்தாலும் தடையில்லை. திருச்சபை இறந்தோர் அனைவருக்காகவும் மன்றாடுகிறது. பெயர் மறந்துபோயிருந்தால், அவர் புறப்பட்ட தோட்டத்தின் பெயரையாவது எழுதிக் கொடுங்கள்.