நவச்சாரம் போடாமல் ஈயம் ஒட்டாது!



எருக்கலை இலையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கீங்களா? இலை நனையாது. தண்ணீர் உருண்டு ஓடிவிடும். இலை மேல் மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருப்பதுதான் காரணம். உருகிய உலோகமும் இப்படித்தான். சில இடத்தில் பரவும், சில இடத்தில் உருண்டு நிற்கும். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் ஆச்சியின் பித்தளைப் பானையில் ஈயம் போய்விட்டது. "புளிக்குழம்பு வச்சா களிம்பேறிரும், எடைக்குப் போட்டுருவோம்" என்றார் அம்மா. ஆச்சி விடவில்லை. கோவில்பட்டியில் ஈயம் பூசுகிற ஒரு தாத்தாவிடம் கொண்டுபோனோம்.

அவர் பானையைப் புளியும் மணலும் போட்டுத் தேய்த்தார். கரி அடுப்பில் சூடாக்கி ஈயத்தை வைத்தார். அது முத்து முத்தாக உருண்டதே தவிர ஒட்டவில்லை. பிறகு நவச்சாரம் தூவினார். குப்பென்று வெள்ளைப் புகை வந்தது. பஞ்சால் ஒரு துடை துடைத்தார். வெள்ளி மாதிரி பரவிவிட்டது!

பித்தளை சூடானால் அதன்மேல் ஆக்சைடு என்ற மெல்லிய தோல் படிகிறது. அதுதான் ஈயத்தை ஒட்ட விடுவதில்லை. நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடு, அந்தத் தோலை நீக்குகிறது.

அலுமினியத்துக்கும் இதே கதைதான். அது 660 டிகிரி செல்சியஸில் உருகும். உருகிய அலுமினியத்தின் மேலேயே ஆக்சைடு தோல் மூடிக்கொள்வதால் பீங்கானை நனைக்காமல் உருண்டு நிற்கும். சாணைக்கல்லில் உள்ள சிலிக்கான் கார்பைடு தூளை அதோடு கலந்தால் எளிதில் தேயாத உலோகம் கிடைக்கும். ஆனால் தூள் லேசில் சேராது. கொஞ்சம் மெக்னீசியம் சேர்த்தால் நன்றாக நனையும். தாத்தாவுக்கு நவச்சாரம், விஞ்ஞானிக்கு மெக்னீசியம்!

அதனால் ஈயம் பூசுவதைப் பழைய தொழில், படிக்காதவர் தொழில் என்று தள்ளக்கூடாது என்பது என் கருத்து. அதுவும் அறிவியல்தான். பித்தளைப் பானையை எடைக்குப் போடாதீங்க, ஈயம் பூசி வையுங்க. ஆனால் இரண்டு விஷயம் கவனிக்கணும். பூசுவது வெள்ளீயம்தானா என்று கேளுங்க. காரீயம் விஷம், சின்னப் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். இன்னொன்று, பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் வைக்காதீங்க. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும்.

அந்தத் தாத்தாவை ஒருநாள் நம் பள்ளிக்கு அழைத்துச் செய்து காட்டச் சொல்ல வேண்டும் என்று அறிவியல் டீச்சரைக் கேட்டுக்கொள்கிறேன். பாடத்தில் பத்து தடவை படிப்பதை ஒரு தடவை பார்த்தால் போதும்.



– 9-ஆம் வகுப்பு மாணவி