கள்ள அட்டையும் கள்ளமில்லா ஆட்டமும்

யேர்மனியின் பாடசாலை முற்றங்களில் சேகரிப்பு அட்டைகள் கைமாறத் தொடங்கி ஒரு தலைமுறைக்காலம் கடந்துவிட்டது. 1999, 2000 ஆம் ஆண்டுகளில் பொக்கிமொன் அட்டைகளைப் பரிமாறிய தமிழ்ச் சிறுவர்களுள் பலர் இன்று தாமே பெற்றோராகிவிட்டனர். அவர்களது பிள்ளைகளின் புத்தகப்பைகளிலும் அதே அட்டைகள் இருக்கின்றன. இணையச் சந்தைகளிலும், புளோமார்க்ட் எனப்படும் பழையபொருட் சந்தைகளிலும் இவற்றின் போலிகளும் விலைப்படுகின்றன. "வெறும் கடதாசிதானே, பிள்ளை விளையாடிவிட்டுப் போகட்டும்" என்று அவற்றை வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் உள்ளனர். போலியெனத் தெரிந்தே அவற்றோடு போட்டிக்குச் செல்லும் இளையோரும் உள்ளனர். சிறுபிள்ளை விளையாட்டு என்று இதனை ஒதுக்கிவிட முடியாது.

முந்நூற்று நான்கு ஆடி வளர்ந்த தலைமுறைக்கு இவ்விளையாட்டின் அடிப்படை விசித்திரமாகத் தோன்றலாம். அங்கே ஒரே கட்டிலிருந்து அனைவருக்கும் அட்டைகள் பகிரப்படும். இங்கோ ஒவ்வொருவரும் தாம் விலைகொடுத்துச் சேர்த்த அட்டைகளால் தமது கட்டைத் தாமே அமைத்து வருவர். றிச்சாட் காபீல்ட் என்னும் கணிதவியலாளர் உருவாக்கி 1993 இல் வெளியான மஜிக் என்ற விளையாட்டே இம்முறையைத் தொடக்கிவைத்தது. பொக்கிமொன், யூ-கி-ஓ ஆகியன பின்னர் அவ்வழியில் வந்தவை. உறையைப் பிரிக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறதென எவருக்கும் தெரியாது. வலிமையான அட்டைகள் பல அரிதாகவே அச்சிடப்படுகின்றன. 1996 இல் மஜிக்கின் வெளியீட்டு நிறுவனமான விசார்ட்ஸ் ஒவ் த கோஸ்ட், குறிப்பிட்ட சில பழைய அட்டைகளை மீண்டும் அச்சிடுவதில்லை என்று உறுதியளித்தது. அவற்றுள் ஒன்றான 'கருந்தாமரை' அட்டையின் பிரதியொன்று 2021 இல் 5 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் விலைபோனது.

போலியை ஆதரிப்போரின் நியாயம் இங்கேதான் பிறக்கிறது. சில சதம் செலவில் அச்சாகும் அட்டைக்கு நூற்றுக்கணக்கான யூரோக்கள் கேட்கப்படுகின்றன. தொழிற்சாலையிலும் துப்புரவுப் பணியிலும் உழைக்கும் பெற்றோரின் பிள்ளை அதனை எவ்வாறு வாங்குவது? பணமுள்ளவன் வெல்வதும் இல்லாதவன் தோற்பதும் எவ்வகை விளையாட்டு? இக்கேள்விகளை எள்ளி நகையாடுதல் தகாது. அருமையைச் செயற்கையாக உண்டாக்கி அதனைச் சிறாருக்கு விற்கும் வணிகமுறை விமரிசனத்திற்குரியதே.

எனினும் இக்குறைக்கு நேர்மையான மாற்று ஏற்கெனவே உண்டு. ஊரில் தாயம் ஆடியவர்கள் சோகி கிடைக்காதபோது புளியங்கொட்டையை ஒருபக்கம் உரைத்துப் பயன்படுத்தினர். எவரும் அதனைக் களவென்று கொள்ளவில்லை. அது புளியங்கொட்டை என்பது ஆடிய அனைவருக்கும் தெரிந்திருந்தது. அவ்வாறே ஒரு தாளில் அட்டையின் பெயரை எழுதி, நண்பர்களின் சம்மதத்துடன் வீட்டில் ஆடுவதில் தவறேதும் இல்லை. சொந்தப் பாவனைக்காக இவ்வாறு செய்யும் பதிலி அட்டைகளைத் தடுக்கும் நோக்கம் தமக்கில்லை என 2016 இல் விசார்ட்ஸ் நிறுவனமே அறிவித்தது. 1997 முதல் 2004 வரை உலகச் சாம்பியன்ஷிப் போட்டியாளர்களின் கட்டுகளை அது மலிவான பிரதிகளாகவும் விற்றது. பொன்னிற விளிம்பும் வேறுபட்ட பின்புறமும் அவற்றைப் பிரதியென வெளிப்படையாகக் காட்டின.

ஆகவே படியெடுப்பது மட்டுமே குற்றமன்று. மறைப்பதே குற்றம். பதிலி அட்டை தன்னைப் பதிலியென்றே சொல்கிறது. கள்ள அட்டையோ பார்ப்பவரின் கண்ணை ஏய்ப்பதற்கென்றே செய்யப்படுவது. அதனைச் செய்பவர்கள் ஏழைச் சிறுவரின் தோழர்களும் அல்லர். 2021 இல் சாங்காய் விமானநிலையச் சுங்க அதிகாரிகள் கைப்பற்றிய, நெதர்லாந்துக்கு அனுப்பப்படவிருந்த போலிப் பொக்கிமொன் அட்டைகளின் எடை 7.6 தொன். ஐரோப்பியச் சிறாரின் கைச்செலவுப் பணத்தைக் குறிவைத்த பெருவணிகம் அது.

இவ்வணிகத்தில் இறுதியாக இழப்பவர் யார் என்பதே பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டியது. விளையாடுவதற்கு மட்டும் வாங்கிய அட்டை வாங்கியவரின் கையிலேயே நின்றுவிடுவதில்லை. இன்று தமையனின் கட்டில் இருப்பது நாளை தங்கையிடம் சேரும். அவள் அதனை வகுப்புத் தோழியின் அசல் அட்டைக்கு மாற்றுவாள். அந்தத் தோழி அதனைக் கடைக்குக் கொண்டுசெல்லும் நாளில் உண்மை வெளிப்படும். பணக்காரச் சேகரிப்பாளர் அட்டையைச் சோதித்தே வாங்குவார். ஏமாறுவது சோதிக்கத் தெரியாத சிறுபிள்ளையே. கள்வர் பட்டமோ ஏதுமறியாத தங்கைக்குக் கிடைக்கும்.

போட்டி மேசையிலும் இதே நியாயம் பொருந்தும். அங்கீகரிக்கப்பட்ட மஜிக் போட்டிகளில் அசல் அட்டைகளுக்கே இடமுண்டு. போட்டியின்போது அட்டை பழுதடைதல் போன்ற சில வேளைகளில் நடுவரே பதிலி வழங்குவார். எதிரே அமர்ந்திருப்பவர் அந்த விதியை நம்பிப் பணம் செலுத்தி வந்தவர். அவரும் வசதியற்ற வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். தன்னிடமுள்ள எளிய அட்டைகளோடு நேர்மையாக வந்த அவரை மறைத்துவைத்த போலியால் வெல்வதை யாழ்ப்பாணத்துச் சிறுவர் மொழியில் ஒரே சொல்லில் கூறலாம்: அளாப்பல்.

சட்டமும் இதில் மௌனமாக இல்லை. போலியென அறிந்தும் அசலென்று விற்பவர் மீது யேர்மனியத் தண்டனைச் சட்டக்கோவையின் 263 ஆம் பிரிவின்கீழ் மோசடிக் குற்றம் சுமத்தப்படலாம்; அதற்கு 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையோ அபராதமோ விதிக்கப்படலாம். சீனாவிலிருந்து சொந்தப் பாவனைக்கென இணையவழி வாங்கிய போலிக் கைக்கடிகாரம் ஒன்றையும் சுங்கத்தினர் கைப்பற்றி அழிக்கலாம் என்பதற்கு 2014 இல் ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இடமளித்தது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் குற்றப்பொறுப்பு இல்லை என்பது உண்மையே. அதனாலேயே அறப்பொறுப்பு முழுவதும் பெற்றோரின் தோளில் விழுகிறது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. சந்தை விலையைவிட மிகக் குறைவாகக் கேட்கப்படும் அட்டையை ஐயத்துடன் நோக்குதல் வேண்டும். ஐயம் எழுந்தால் அதே தொகுதியைச் சேர்ந்த அசலோடு நிறம், எழுத்து, தடிப்பு ஆகியவற்றை உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் ஒப்பிடலாம். வீட்டில் ஏற்கெனவே போலி இருந்தால் அதன் பின்புறத்தில் அழியாத மையால் குறியிட்டு, மாற்றுவதற்கில்லை எனப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். போட்டியை விரும்பும் இளையோருக்கு, மலிவான சாதாரண அட்டைகளை மட்டும் கொண்டு ஆடும் 'போப்பர்' என்ற முறை உண்டு. 2019 முதல் அது அதிகாரபூர்வமானது. பணத்தை விட மதி வெல்லும் களம் அது.

வார இறுதித் தமிழ் வகுப்பில் கள்ளாமை அதிகாரத்தை மனனம் செய்யும் பிள்ளை, அதே பையில் கள்ள அட்டையையும் சுமந்து செல்லுமாயின் அந்த மனனத்தால் பயனில்லை. விலையுயர்ந்த அட்டை இல்லையென்பது எந்தப் பிள்ளைக்கும் இழுக்கன்று. "இது பதிலி, ஆடலாமா?" என்று முகத்தை நேரே பார்த்துக் கேட்கும் துணிவை அப்பிள்ளைக்குக் கொடுப்பது எந்த அட்டையை வாங்கிக் கொடுப்பதிலும் மேலானது.