சேர்ந்து வாங்குங்கள், எழுதி வாங்குங்கள்



கோடை விடுமுறை நெருங்கினால் நமக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். அண்ணன், தம்பி, அக்கா, சித்தப்பா மகன் என்று நாலு குடும்பம் சேர்ந்து சொந்த ஊரில் ஒன்றிரண்டு ஏக்கர் தோட்டம் வாங்கலாமா? தாத்தா வீடு பாகம் பிரிந்து கைமாறிவிட்டது. குலதெய்வம் கும்பிடப் போனால் பக்கத்து டவுனில் லாட்ஜ் எடுக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் கிணற்றில் நீச்சல் பழகவேயில்லை. அந்த ஏக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது.

தாராளமாக வாங்குங்கள் என்பதே என் பதில். ஒருவரால் முடியாத விலை நாலு பேரால் முடியும். பட்டணத்தில் வேலை பார்ப்பவர் தனியாக வாங்கிய தோட்டம் முள்மண்டிப் போவதைப் பார்க்கிறோம். நாலு குடும்பம் என்றால் மாதம் ஒருவராவது போய்வருவார்கள். ஆனால், பேச்சு கூடிவரும் நேரத்தில் யாராவது ஒருவர், “நமக்குள்ள எதுக்கு எழுத்தெல்லாம்?” என்பார். பாசத்தில் சொல்வதுதான். அந்த இடத்தில் மட்டும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

ஏனென்றால், இன்று கூடிப் பேசுகிற நாலு பேரிடமே அந்த நிலம் என்றும் இருக்கப்போவதில்லை. உயில் எழுதாமல் ஒருவர் காலமானால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் பங்கு அவருடைய தாய், மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமமாகப் போகிறது. அந்த ஒரு சாவோடு நாலு பங்குதாரர்கள் ஏழு பேராகலாம். புதிதாக வருகிறவர்களில் பலர் அன்றைய பேச்சில் இருந்தவர்கள் அல்ல. யார் என்ன வாக்குக் கொடுத்தார் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் எழுதுவது அவர்களுக்காக.

முதலில் பங்கு. அண்ணன் இருபது லட்சம், மற்றவர்கள் பத்துப் பத்து லட்சம் போட்டிருந்தால் அந்தக் கணக்கு கிரயப் பத்திரத்திலேயே வர வேண்டும். எழுதாமல் விட்டு, யார் எவ்வளவு கொடுத்தார் என்பதற்குச் சான்றும் இல்லாமல் போனால், எல்லோருக்கும் சமபங்கு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். அக்காவோ தங்கையோ பணம் போட்டால் அவர் பெயரே வரட்டும். மாப்பிள்ளை பெயரில் பதிவதை வழக்கம் என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது கிணறு. நிலத்தை அளந்து உட்பிரிவு செய்து ஆளுக்கொரு தனிப்பட்டா வாங்கிவிடலாம்; கிணற்றை அப்படிப் பிரிக்க முடியாது. கிணற்றில் நாலில் ஒரு பங்கு, பம்புசெட், வண்டிப்பாதைப் பாத்தியம் என்று பத்திரத்தில் ஒரு வரி வரும். சித்திரை வெயிலில் தண்ணீர் அடியில் கிடக்கும்போது அந்த ஒரு வரி போதாது. யாருக்கு எந்த நாள் முறை, மோட்டார் பழுதானால் செலவு யாருடையது, தூர் வாரும்போது வராதவர் பங்கை யார் தருவது, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். தார்ரோட்டிலிருந்து உள்ளே போகும் பாதைக்கும் இதேதான்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அதை யாரும் பேசுவதேயில்லை. ஊரில் இருக்கும் தம்பி. வாய்க்காலைப் பார்ப்பவர், காய் வெட்ட ஆள் பிடிப்பவர், வேலியில் மாடு நுழைந்தால் நள்ளிரவில் டார்ச்சோடு ஓடுபவர் அவர். மற்ற மூவரும் பொங்கலுக்கு வந்து தேங்காய் மூட்டையோடு திரும்புவார்கள். அவர் உழைப்புக்கு என்ன கணக்கு? அவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார். விளைச்சலில் கூடுதல் பங்கா, மாதம் ஒரு தொகையா என்று நீங்களே முன்வந்து எழுதுங்கள். கேட்காத தம்பியின் மனத்தாங்கல் பத்து வருஷம் கழித்து வேறு ஏதோ சண்டையாக வெடிக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினரையும் சேர்க்க ஆசைப்படுவீர்கள். அன்னியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியர்களோ வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களோ இங்கே விவசாய நிலமும் பண்ணை வீடும் வாங்க முடியாது, வாரிசாகப் பெறலாம். அவர் பணம் போட்டு, சித்தப்பா மகன் பெயரில் பதிவது பினாமிச் சட்டத்தில் மாட்டும். 2016 திருத்தத்துக்குப் பிறகு சொத்தே பறிமுதலாகலாம். பணத்தைத் தம்பிக்கு அன்பளிப்பாகக் கொடுக்கலாம். கொடுத்தால் நிலம் தம்பியுடையது. அதற்கு மனம் ஒப்பினால் மட்டும் கொடுக்கட்டும்.

வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா, புலப்படம் எல்லாம் பார்ப்பீர்கள். அ-பதிவேட்டையும் பாருங்கள். கோயில் நிலமா, பஞ்சமி நிலமா என்று விசாரியுங்கள். பஞ்சமி நிலம் வெள்ளைக்காரர் காலத்தில், 1892க்குப் பிறகு, தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அதை மற்றவர்கள் விலைக்கு வாங்குவது செல்லாது. செல்லாது என்பதோடு, அது பெரிய அநியாயமும்கூட.

கடைசியாக, விலக நினைப்பவருக்கு வழி வையுங்கள். மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று யாருக்கும் அவசரம் வரும். விற்க நினைப்பவர் முதலில் பங்குதாரர்களிடம் கேட்க வேண்டும், விலையை இப்படி முடிவு செய்வது, இத்தனை மாதத்தில் பணம் தருவது, முடியாவிட்டால் வெளியாளுக்குக் கொடுக்கலாம் என்று தெளிவாக இருந்தால், போகிறவர் மனக்கசப்பில்லாமல் போவார்; அடுத்த விடுமுறைக்கு விருந்தாளியாக வரவும் செய்வார்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு வீட்டுப் பெண்களும் வளர்ந்த பிள்ளைகளும் உட்பட எல்லோரும் உட்கார்ந்து வரைவைச் சத்தமாக வாசியுங்கள். பிறகு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே சேர்ந்து வாங்கியவர்கள், உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியதையும் எழுதாமல் விட்டதையும் எங்களுக்குக் கடிதமாக அனுப்புங்கள். வாங்கப் போகிற வீடுகளுக்கு அது உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்