சராசரியில் ஒளிந்த ஆசாமி

புள்ளிவிவரம் என்றாலே நம்மில் பலருக்குக் கொட்டாவி வரும். பக்கவாதம் வந்த ஒரு பெரியவர் மறுபடி தன் கையால் சாதம் பிசைந்து சாப்பிடுவாரா என்பதில் அதற்கும் பங்கு உண்டு என்றால் நம்புவீர்களா?

எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். "அப்படின்னா என்னம்மா?" என்றேன். "விழுந்துபோன கையால மறுபடி சட்டை பட்டன் போட வைக்கிறது சார்" என்றாள். ஒரே வரி. புரிந்துவிட்டது.

அவர்களிடம் ஒரு பரீட்சை உண்டு. நடுவில் தடுப்பு வைத்த பெட்டி. ஒரு பக்கம் இரண்டரை சென்டிமீட்டர் மரக்கட்டைகள். ஒரு நிமிஷத்தில் எத்தனை கட்டையை ஒவ்வொன்றாக அடுத்த பக்கம் போடுகிறீர்கள் என்பதுதான் மார்க்.

ஐந்து பேருக்குப் பயிற்சி கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். முன்பைவிட முறையே 1, 1, 1, 2, 20 கட்டைகள் அதிகம் போடுகிறார்கள். கூட்டினால் 25. சராசரி 5. 'ஆஹா!' என்று கட்டுரை எழுதிவிடலாம். ஆனால் நாலு பேருக்கு நடந்தது ஒன்று, இரண்டு கட்டைதான். இருபது போட்ட ஆசாமி மற்றவர்களையும் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறார்! வரிசையின் நடுவில் நிற்பவரைப் பாருங்கள்: வெறும் 1. இதை இடைநிலை என்பார்கள். சராசரி மறைப்பதை இது காட்டிக்கொடுக்கும்.

மார்க்கைக் கூட்டுவதிலும் வில்லங்கம் உண்டு. 1965-ல் வந்த பார்த்தெல் அட்டவணையில் சாப்பாடு, குளியல், நடை என்று பத்து அன்றாடக் காரியங்கள். மொத்தம் 100 மார்க். தானே சாப்பிட்டால் 10. மாடிப்படி ஏறினாலும் 10. சாப்பிட முடிந்து படியேற முடியாதவரும், படியேறி ஊட்டிவிட ஆள் தேடுபவரும் ஒரே மொத்தம் வாங்கலாம். வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள், இரண்டும் ஒன்றா என்று!

இன்னொன்று. பக்கவாதம் வந்த முதல் சில மாதங்களில் பலருக்குத் தானாகவே கொஞ்சம் தேறும். அந்தப் பெருமையைச் சிகிச்சை தட்டிக்கொண்டு போகக்கூடாது. அதற்குத்தான் ஒப்பிட இன்னொரு கோஷ்டி வேண்டும்.

லாஸ் ஏஞ்சலீஸில் இதை ஒழுங்காகச் செய்தார்கள். அறுபது வயது தாண்டிய 361 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு கோஷ்டிக்கு ஒன்பது மாதம் ஆக்குபேஷனல் தெரபி. இரண்டாவதற்கு விளையாட்டு, கைவேலை என்று கூடிப் பொழுதுபோக்கு. மூன்றாவதற்கு ஒன்றும் இல்லை. 1997-ல் முடிவு வந்தது. உடல்நலம், அன்றாட வாழ்க்கை என்று பல அளவுகளில் முதல் கோஷ்டிக்கு நன்மை. பொழுதுபோக்கியவர்களுக்கும் சும்மா இருந்தவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அந்த நடுக் கோஷ்டி இல்லாவிட்டால், "நாலு பேரோடு சிரித்துப் பேசினதால் தேறினார்கள்" என்று யாராவது முடித்திருப்பார்கள்.

அடுத்த முறை யாராவது "சராசரியாக இவ்வளவு குணம்" என்று பெருமைப்பட்டால் மூன்றே கேள்வி கேளுங்கள். எத்தனை பேர்? நடுவில் நின்றவருக்கு எவ்வளவு? சிகிச்சை பெறாதவர் என்ன ஆனார்?

பதில் வராவிட்டால், அந்த இருபது கட்டைக்காரருக்கு என் வாழ்த்தைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.