எண்ணூருக்கு எதற்குப் போகணும்?

'ஜியோகேச்சிங்' என்றொரு விளையாட்டு. பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்த அமெரிக்க அரசு, 2000 மே மாதத் தொடக்கத்தில் அதைக் கைவிட்டது. மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் அறிவித்தார். யார் வேண்டுமானாலும் போய்த் தேடலாம். கிடைத்தால் உள்ளிருக்கும் நோட்டில் பெயரெழுதி, அங்கேயே திருப்பி வைத்துவிட வேண்டும்.

எனக்குப் பிடித்த விளையாட்டுதான். என் சண்டை அந்த 'யார் வேண்டுமானாலும்' என்பதோடு.

விளையாடாதவர்களுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் 'மக்கிள்'. அவர்கள் கண்ணில் படாமல் தேட வேண்டும் என்பது வழக்கம். கவனிக்கப்படாமல் இருக்க முடிந்த உடலுக்காக எழுதப்பட்ட வழக்கம் இது. ராயபுரத்தில் ஓர் ஆண் சுவரோரம் அரைமணி நேரம் குந்தியிருந்தாலும் யாரும் கேட்பதில்லை. நான் ஐந்து நிமிடம் நின்றால், "யாரும்மா வேணும்?" தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் புறப்பட்ட நிலையத்தைப் பார்க்க வந்தேன் என்றால் நம்புவதில்லை. பெண் வெளியே நிற்க ஒரு காரணம் வேண்டும்: வேலை, ஆஸ்பத்திரி, கோயில், குழந்தையின் பள்ளி. மும்பையை முன்வைத்து 2011இல் வந்த 'ஒய் லாய்ட்டர்?' நூல் பேசியதும் இதைத்தான்.

"அந்தப் பக்கம் போறது கஷ்டம்" என்கிறார்கள். கும்மிடிப்பூண்டி ரயில் எண்ணூரில் நிற்கிறது. மெட்ரோ 2021இல் விம்கோ நகர் வரை வந்துவிட்டது. அதே ஆண்டிலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் நமக்கு டிக்கெட் இல்லை. சிரமம் இறங்கிய பிறகுதான். கன்டெய்னர் லாரிகளை ஒட்டி நடக்கும்போது கழிப்பறை எங்கே இருக்கும் என்பதே என் முதல் கவலை. தண்ணீர் குடிக்காமல்தான் வீட்டிலிருந்து கிளம்புகிறேன்.

"வடசென்னை பொண்ணுங்க போற இடமா?" என்று அடுத்த கேள்வி. விடியுமுன் காசிமேட்டில் கூடையோடு ஏலத்துக்கு நிற்பவர்கள் யார்? எண்ணூர்க் கழிமுகச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிப்பவர்களில் பெண்கள் இல்லையா? அவர்களைப் பெண்கள் கணக்கிலேயே சேர்க்காதவர்களால்தான் இப்படிக் கேட்க முடியும். 2023 டிசம்பரில் அந்தக் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, ஊரே நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடியது. 'ஆபத்தான பகுதி' என்று நம்மிடம் சொல்பவர்கள் குடிசையில் இருக்கும் ஆணைக் காட்டுகிறார்கள், குழாயைக் காட்டுவதில்லை.

இறால் பிடிக்கவே வழியில்லாத இடத்தில் டப்பா தேடுவது கொழுப்பில்லையா என்று தோழிகள் கேட்கிறார்கள். அவர்களுடைய துயரத்தை வேடிக்கை பார்க்கப் போனால் கொழுப்புதான். ஆனால் கூடை காலியானதும் கடலைப் பார்த்துக் கொஞ்சநேரம் உட்கார்ந்திருக்க மீன் விற்கும் அக்காவுக்கும் இடமில்லை. உழைக்கும் வரைதான் அவருக்குக் கரையில் அனுமதி. காரணம் சொல்லும் வரைதான் எனக்குத் தெருவில் அனுமதி. தடுப்பது ஒரே கை.

நம்மைக் கண்காணிக்க இன்னொரு கேமரா வேண்டாம். கழிப்பறை வேண்டும், தெருவிளக்கு வேண்டும், லாரி ஏறாத நடைபாதை வேண்டும், உட்கார ஒரு திண்ணை வேண்டும். விஷம் கசியாத காற்றும் அந்தப் பட்டியலில்தான் வரும். இவை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். எண்ணூருக்கு எதற்குப் போகிறாய் என்று கேட்டால், "சும்மா" என்று சொல்லிவிட்டுப் போவோம்.