உளுந்து உபரிப் பயிரல்ல

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் காவிரி டெல்டாவின் உழவர் குடும்பங்களுக்கு ஓய்வில்லை. களத்தில் நெல் காய்கிறது. கொல்லையில் வைக்கோல் போர் ஏறுகிறது. இந்த நெருக்கடியில் நெல் தரிசு உளுந்தைப் பலரும் ‘வந்தவரை லாபம்’ என்று விட்டுவிடுகிறார்கள். இது சரியல்ல.

ஆடுதுறை 3 போன்ற ரகத்துக்கு உழவும் வேண்டாம், பாசனமும் வேண்டாம். மண்ணில் எஞ்சிய ஈரமும் மாசிப் பனியுமே 70 முதல் 75 நாளில் அதை விளைவித்துவிடும். ஆனால், அந்த ஈரம் யாருக்காகவும் காத்திராது.

கையால் அறுத்த காலத்தில் அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு விதைத்தார்கள். இன்று வயலில் இயந்திரம் இறங்குகிறது. முன்கூட்டியே விதைத்தால் முளைத்த செடி நசுங்கும். அறுத்தபின் விதைத்தால் ஈரம் போய்விடும். ஆகவே, இயந்திரம் வரும் நாளை முதலில் உறுதி செய்துகொண்டு, அதற்கு நாலைந்து நாள் முன்பாக, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது விதைப்பதே நல்லது. ஏக்கருக்கு 10 கிலோ விதையுடன் 2 கிலோ கூட்டிக்கொள்ளலாம். பூக்கும் தருணத்தில் ஒரு முறையும், 15 நாள் கழித்து மறுமுறையும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளிக்கத் தவறக்கூடாது. 200 லிட்டர் நீருக்கு 4 கிலோ போதும்.

காய் பறிப்பது, அடிப்பது, தூற்றுவது எல்லாம் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் உழைப்பு. அந்தக் கூலியை யாரும் கணக்கில் எழுதாததால்தான் உளுந்து சும்மா வந்ததுபோலத் தெரிகிறது. சித்திரையில் கைக்கு வரும் அந்தப் பணமே நகையை மீட்கவும் குறுவைக்கு விதை வாங்கவும் உதவுகிறது. நெல்லுக்குத் தரும் கவனத்தில் பாதியையாவது உளுந்துக்கும் தரவேண்டும்.